பொக்கு

ரயிலிறங்கி, ஜட்கா பிடித்து, நேராகப் பசவனகுடி கடலைக்காய்ச் சந்தைக்கு வந்து நிற்கிறேன். நான் மெட்ரிக்கில் தவறிய வருடம் அப்பா இங்கேதான் அழைத்து வந்தார். பருப்பில்லாத காயை உடைத்துக் காட்டி, "பொக்கு, உன்னாட்டம்" என்றார். மழை தராத மேகமும், கூடிவராத கல்யாணப் பேச்சும்கூட அவருக்குப் பொக்குதான். ஆனால் உரித்த பருப்பையெல்லாம் என் கையில்தான் போட்டார்.

அத்திபெலேயிலிருந்து மூட்டையோடு வந்திருக்கும் அம்மாள் ருசி பார்க்க ஒரு பிடி தருகிறாள். முதல் காயை நசுக்குகிறேன். உள்ளே ஒன்றுமில்லை.

"பொக்கும்மா."

"ஐயே, தூரப் போடு சாமி. வேற தர்றேன்."

"இருக்கட்டும்."

"அத வெச்சிக்கினு என்னா பண்ணப் போறே?"

தோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். அப்பா போன பிறகு என்னைப் பொக்கு என்று கூப்பிட யாருமில்லை.