திதிமணியைத் தேடி வந்த ஜீப்

3-7-1992. மாடி அறைக்கு முன்பணம். ரூ. 1,500.
18-10-1993. கொலுச் சுண்டலுக்குக் கடலை, தாம்பூலம். ரூ. 62.
9-11-1993. மாடி அறைக்குப் புதுப் பூட்டு. ரூ. 38.

என் கணக்கு நோட்டில் இருக்கும் இந்த முன்பணத்தைக் கொடுத்தவர் யோகேஸ்வரி, யாழ்ப்பாணத்துக்காரர். வங்காளத்தில், டாக்குரியா பகுதியில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டு மாடியில் பதினாறு மாதம் குடியிருந்தார்.

ஸ்ரீபெரும்புதூர்க் கொலைக்குப் பிறகு, இலங்கைத் தமிழர் என்றாலே விசாரணை என்றிருந்த காலம் அது. அவரிடம் தாள்கள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. தங்கும் அனுமதியை ஆண்டுதோறும் நவம்பர் முப்பதுக்குள் நேரில் போய்ப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பிப் போக அவருக்கு வீடு கிடையாது. குண்டு விழுந்ததில் வீட்டோடு தம்பியும் போய்விட்டான்.

வங்காளிகளிடம் அவருக்குப் பயமில்லை. அக்கம்பக்கத்தாருக்கு அவர் இன்னொரு மதராசி. பள்ளிக்கூடத்து டீச்சர் என்பதால் 'திதிமணி' என்று கூப்பிட்டார்கள். அவரை நடுங்க வைத்தவர்கள் தமிழர்கள்தாம். வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். லேக் மார்க்கெட்டில் தமிழ்க் கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் புளி கேட்பார். டிராமில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடுவார். எங்களிடம் மட்டும், அதுவும் கதவைச் சாத்திய பிறகு, தமிழ் பேசினார்.

கொலுவுக்குக் கீழே வரும்படி என் மனைவி வத்சலாதான் வற்புறுத்தினாள். கொலுவுக்கு வந்தவர் பாடாமல் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர் ஒரு தேவாரம் பாடினார். பாட்டில் ஊர் தெரியவில்லை. சுண்டல் வாங்கும்போதுதான் தெரிந்தது.

"காணும் அக்கா, கொஞ்சமாத் தாங்கோ."

கார்டன் ரீச்சில் ரயில்வே அதிகாரியின் மனைவி நாகலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க சிலோனா? ரேடியோவைத் திருப்பின மாதிரின்னா இருக்கு!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எந்தப் பள்ளி, என்ன பாடம் என்று அவள் விசாரிக்க விசாரிக்க, யோகேஸ்வரியின் கையிலிருந்த சுண்டல் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து அவர் பள்ளிக்கு ஒரே வழியில் போகவில்லை. ஒருநாள் ரயில் பாதையோரம், ஒருநாள் ஏரியைச் சுற்றி. மாடியில் இரண்டு தாழ்ப்பாள் போடும் சத்தம் கீழே கேட்கும். காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை, நான் மார்க்கெட் போயிருந்த சமயம், வாசலில் ஒரு சர்க்கார் ஜீப் நின்றது. காக்கி உடுத்த டிரைவர் இறங்கி, சிலோன் டீச்சர் இந்த வீடுதானே என்று இந்தியில் கேட்டிருக்கிறான். வத்சலாவும் பயந்துபோய், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டாள். அவன் மாடியை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான்.

அவள் படியேறுமுன் யோகேஸ்வரி கைப்பையுடன் இறங்கி வந்துவிட்டார். "என்னைத்தானே அக்கா கேட்டவன்? நான் கதைச்சது பிழையாப் போச்சு." முதலில் தண்ணீர் குடியுங்கள் என்று வத்சலா உள்ளே போய்த் திரும்புவதற்குள் பின்வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்து விஷயம் தெரிந்ததும் நான் டாக்குரியா ஸ்டேஷனுக்கு ஓடினேன். சியால்தா வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. மாடிச் சாவி அவரோடு போய்விட்டதால் அன்றைக்கே புதுப் பூட்டு வாங்கினேன்.

சாயங்காலம் அதே ஜீப் வந்தது. நாங்கள் இருவரும் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தோம். இறங்கியவள் நாகலக்ஷ்மி. கையில் தட்டை டப்பா, பின்னால் அவள் பெண் சுபிக்ஷா.

"என்ன மாமி, டீச்சரே இல்லேன்னுட்டேளாமே? இவளுக்கு இங்கிலீஷ் டியூஷன் வைக்கலாம்னுதானே வண்டிய அனுப்பிச்சேன்."

வத்சலா சமையலறைக்குள் போய்விட்டாள்.

நாங்கள் நவம்பர் முப்பது வரை தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குள் வந்திருந்தால் அனுமதி புதுப்பித்திருப்பார்கள். டிசம்பரில் சிலிகுரி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. திகதி முடிந்துவிட்டது, இனி திரும்ப ஏலாது, பிறகும் ஜீப் வந்ததோ என்று கேட்டிருந்தார். முகவரி எழுதவில்லை. 1996இல் காட்மாண்டுவிலிருந்து ஒன்று. ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறாராம், எந்தப் பள்ளி என்று இல்லை. அதிலும் அதே கேள்வி, அதிலும் முகவரி இல்லை. ஜீப்பில் வந்தது தட்டை டப்பா என்று சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று. காட்மாண்டுவில் எனக்குப் பெயர் கிடைத்த நான்கு பள்ளிகளுக்கு எழுதினேன். இரண்டிலிருந்து, அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தது. உண்மையாகவே இல்லையா, வத்சலா சொன்னது போன்ற பதிலா, தெரியவில்லை.

அதற்குப் பிறகு வெகுகாலம் ஒன்றும் வரவில்லை. பிறகு டொரண்டோவிலிருந்து ஒரு கவர் வந்தது. மூலையில், முதல்முறையாக, வீட்டு எண்ணும் தெருப் பெயருமாக அனுப்பியவர் முகவரி.

'இப்ப எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைச்சிட்டுது, ஐயா. இனி நீங்கள் பயப்படாமல் எழுதலாம். அண்டைக்கு ஜீப்பிலை வந்தது ஆர்?'

பதில் அன்றே தபாலில் சேர்ந்தது. அதன் பிறகு எங்களுக்குள் தொலைபேசிதான். அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி 14-3-2003.