ஷண்முகப்ரியாவுக்குப் பிடிக்காத படங்கள்

ஷண்முகப்ரியாவுக்கு எந்த நாட்டுப் படமும் பிடிக்காது. அது அவள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அடையாறில் அவள் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். 'உலகத் திரை' என்று ஒரு பாடம். வாரம் ஒரு நாட்டிலிருந்து ஒரு படமோ, ஒரு தொடரின் துண்டோ போட்டுக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு ஒரு பக்கம் கருத்து எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒளி, நிழல், மௌனம் என்று எதையாவது எழுதி ஒப்பேற்றுவார்கள். இவள் மட்டும் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவாள்.

கொரியத் தொடரைப் பார்த்துவிட்டு எழுதினாள்: "இத்தனை பெரிய கோடீஸ்வரன் வீட்டில் ஒரு குடை கிடையாதா? அவனுக்கு அழுகை வரும்போதெல்லாம் மழை வருகிறது. நனைந்தால்தான் காதல் என்று யாரோ இவர்களை நம்பவைத்திருக்கிறார்கள்." துருக்கித் தொடருக்கு: "கதாநாயகி கதவைத் திறக்கப் போனாள். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னும் திறக்கவில்லை." பிரெஞ்சுப் படத்துக்கு: "நான்கு பேர் சாப்பாட்டு மேசையைவிட்டு எழுந்திருக்காமல் காதலைப் பற்றிப் பேசினார்கள். பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை."

எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகவே ஆகாதது சாவுக் காட்சி. ஜப்பானியப் படத்தில் சாகப்போகிற அப்பா எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிவிட்டுச் செத்தார். அமெரிக்கத் தொடரில் டாக்டரே உட்கார்ந்து அழுதார். நம்மூர் சீரியலில் ஒரே முகத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். "இவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்கே போனதில்லை. எல்லோரும் பொய்யர்கள்" என்று எழுதி, பொய்யர்கள் என்ற சொல்லுக்கு அடியில் பேனா கிழிக்கிற அளவுக்கு ஒரு கோடும் போட்டிருந்தாள்.

பாடம் எடுத்த செந்தில்குமார் சாருக்கு இதெல்லாம் ஒரே குஷி. அவள் எழுதியதை வகுப்பில் உரக்கப் படிப்பார். பையன்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். 'கத்திரி' என்று அவளுக்கு ஒரு பெயரும் விழுந்தது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கத்திரிக்குப் பக்கத்தில் யாரும் வந்து, "உங்க அப்பா இறந்துட்டாராமே, இப்ப எப்படி இருக்கே?" என்று கேட்பதில்லை.

அவள் அப்பா முத்துகிருஷ்ணன் தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மேட்சிங் ப்ளவுஸ் துணிக்கடை வைத்திருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீடு மந்தைவெளியில். அவள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவருக்குக் கல்லீரல் கெட்டுப்போய், ஐ.சி.யு.வில் கிடந்து இறந்தார். இப்போது கடையில் அம்மா பங்கஜம்தான் உட்கார்கிறாள்.

வகுப்பில் அவளுக்கு ஒரே ஒரு சிநேகிதி, சுப்புலக்ஷ்மி. மயிலாப்பூர்ப் பெண். அப்பா வழிப் பாட்டியின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று வீட்டோடு சண்டை போடுகிறவள். எல்லோருக்கும் சுப்பு. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் கைவைப்பார்கள்.

அந்தச் சுப்பு ஒரு ஐந்து நிமிடப் படம் எடுத்து வகுப்பில் போட்டுக் காட்டினாள். அதற்கும் கருத்து எழுதச் சொன்னார்கள். ஷண்முகப்ரியா எழுதினாள்: "கோபுரம், டபரா செட், மல்லிப்பூ. டூரிஸ்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி எடுத்த மாதிரி இருக்கிறது. இயக்குநர் மயிலாப்பூரிலேயே பிறந்தவர் என்பதை நம்ப முடியவில்லை." சார் வழக்கம்போல உரக்கப் படித்தார். வகுப்பு சிரித்தது. சுப்புவும் சிரித்தாள். மத்தியானம் தன் டிபன் பாக்ஸை மட்டும் அவள் வெளியே எடுக்கவில்லை.

"கோச்சுக்கிட்டியா?"

"இல்லடி. பசியில்லை" என்றாள் சுப்பு.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இங்கிலாந்து நாட்டு காமெடித் தொடர் ஒன்றைப் போட்டார்கள். ஒரு குட்டி ஊர்த் தபால் ஆபீஸ். அதற்குள் ஒரு வாத்து நுழைந்து வரிசையில் நிற்கிறது. ஆபீஸர் விதி தவறாதவர். வாத்துக்கும் டோக்கன் கொடுக்கிறார். வகுப்பே உருண்டு சிரித்தபோது ஷண்முகப்ரியா பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள். சுப்பு பின்னாலேயே ஓடினாள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து சிமென்ட் பெஞ்சில் வைத்து, அதுவரை யாரிடமும் சொல்லாததை ஷண்முகப்ரியா சொன்னாள்.

ஐ.சி.யு.வுக்கு வெளியே நீல நாற்காலிகள். அம்மாவைக் குளித்துவிட்டு வரச்சொல்லி வீட்டுக்கு அனுப்பியதே அவள்தான். "நான் இருக்கேன்ல, நீ போய்ட்டு வாம்மா" என்று பிடிவாதமாக அனுப்பினாள். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், ஃபோனில் இதே வாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் முன்னால் வந்து நின்றார். அவர் ஏதோ சொன்னார். காதில் கேட்கவில்லை. ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றி, "சாரி, என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவர் திரும்பவும் சொன்னார். இன்னொரு காதில் ஜனங்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"அம்மாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? நர்ஸ் உள்ள விட்டாங்க, அப்பா கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்னு சொன்னேன்."

சுப்பு அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஷண்முகப்ரியா அழவில்லை.

வருடக் கடைசியில் மாணவர்களின் படங்களை ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன அரங்கில் திரையிட்டார்கள். பெற்றோருக்கும் அழைப்பு. பங்கஜத்தைச் சுப்புவே ஃபோனில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, நீங்க அவசியம் வரணும். எங்காத்துலேர்ந்தும் எல்லாரும் வரா." பங்கஜம் கடையை ஒரு பொழுது சாத்திவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

சுப்புவின் படம் நீல நாற்காலிகளோடு தொடங்கியது.

திரையில் ஒரு பெண் காதில் இயர்போனோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஷண்முகப்ரியாவுக்குப் பக்கத்தில் அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோட்டு வந்து நின்றது. ஒற்றைக் காது. அரங்கம் மூச்சை அடக்கியது. பிறகு அந்தப் பெண் ஃபோனைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு, சுவரோடு சரிந்து கதறினாள். அழகான கதறல். கண்ணீரில் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. எங்கேயோ வயலின் வாசித்தார்கள்.

"பாவம், இந்தப் பிள்ள" என்று முணுமுணுத்து, பங்கஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் அவளுக்குத் தெரிந்தே இருக்காது. படம் முடிந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது: 'தன் கதையை எனக்குத் தந்த ஷண்முகப்ரியாவுக்கு நன்றி.'

பங்கஜம் எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. அரங்கம் கைதட்டியது. அவள் முந்தானையைக் கீழே விட்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோக்காரர், "லஸ்ஸாண்ட மெட்ரோ வேலை நடந்துகினு கீதும்மா, சுத்திக்கினுதான் போவணும்" என்றார். அவர் சுற்றிக்கொண்டே போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பங்கஜம் கேட்டாள்.

"அது நீயா?"

"ஆமா."

"கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்னு சொன்னியேட்டி."

"உள்ளயே போகலம்மா."

"அப்பம் அவரு யாருமே இல்லாமயா போனாரு?"

ஷண்முகப்ரியா விளக்கைப் போட்டாள்.

"உங்க அத்தைகிட்ட சொன்னேன். கடைக்கு வர்ற பொம்பளையாளுககிட்ட எல்லாம் சொன்னேன். நான் இல்லாட்டாலும் எம்மவ பக்கத்துல இருந்தான்னு சொல்லிச் சொல்லித்தான் உசிரோட இருக்கேன். நீ வெளிய உக்காந்து இளிச்சுக்கிட்டு இருந்திருக்க." கைப்பையைக் கட்டிலில் வீசினாள். "அதை என்கிட்ட சொல்ல வாய் வரல. ஊரான் வீட்டுப் பிள்ளைகிட்ட சொல்ல மட்டும் வந்துச்சோ?"

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றது. சோறு இருந்தது, குழம்பு இருந்தது, காலையில் காபியும் இருந்தது. பேச்சு இல்லை.

கல்லூரி வாசலில் சுப்புவை மறித்தாள் ஷண்முகப்ரியா.

"உன்னை யாருடி கேட்டா? கதையைத் தந்தேனாம். எப்பத் தந்தேன்?"

"நீ சொன்னப்புறம் எனக்கு வேற எதுவுமே ஓடலைடி. அதையே நினைச்சுண்டு இருந்தேன்."

"நினைச்சுக்கிட்டு கேமராவ எடுத்துட்ட."

"பேர் போடாம விட்டாத்தானே திருட்டு? அதுக்குத்தான் நன்றி போட்டேன். ஆன்ட்டிகிட்ட நீ பொய் சொன்னது..." சுப்பு நிறுத்தினாள். "சத்தியமா அது எனக்கு அந்த நேரத்துல ஞாபகத்துல இல்லை."

"உன்கிட்ட சொன்னேனே!"

"சொன்னே. ஞாபகத்துல இல்லை. படத்துக்கு அது தேவைப்படலை."

அந்தப் பதில்தான் ஷண்முகப்ரியாவை அடித்தது. கத்தினாள். சுப்புவும் விடவில்லை. இவ்வளவு நாள் விழுங்கிவைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. "நீ மட்டும் யோக்கியமா? என் படத்தை எல்லார் முன்னாடியும் குத்திக் குத்திக் கிழிச்சியே, அன்னிக்கு நான் என்ன பண்ணேன்? சிரிச்சேன். எல்லாத்தையும் பொய் பொய்ங்கறே. உண்மையா ஒண்ணு எடுன்னு நீதானே சொன்னே? எடுத்தேன்."

"உண்மையா? நான் கதறவே இல்லடி. யாரும் வயலினும் வாசிக்கல."

வாட்ச்மேன் வந்து இரண்டு பேரையும் விலக்கிவிட்டார்.

அந்த வாரம், திரையிட்ட படங்களுக்குக் கருத்து எழுத வேண்டும். ஷண்முகப்ரியாவின் தாளை சார் கையில் எடுத்ததுமே பையன்கள் மேசையைத் தட்டத் தயாரானார்கள். அவர் படிக்கத் தொடங்கினார்:

"இந்தப் பெண் அழுகிறாள். அவள் அழவில்லை. இந்தப் பெண் ஃபோனை உடைக்கிறாள். அவள் வீடியோவை நிறுத்திவிட்டு, ஃபோனைப் பையில் பத்திரமாக வைத்தாள். டாக்டர் திட்டவில்லை. அவள் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் அவளால் இன்றுவரை தாங்க முடியாதது. இந்தப் படத்தில் அது இல்லை. இருந்திருந்தால் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்."

சார் அதற்கு மேல் படிக்கவில்லை. தாளை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. சுப்பு கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஷண்முகப்ரியாவைக் கத்திரி என்று கூப்பிடுவது நின்றது. அவளும் ஏனோதானோவென்று ஒளி, நிழல் என்று எழுதிக் கொடுத்து அந்தப் பருவத்தை முடித்தாள்.

சுப்புவின் படம் பெங்களூரில் ஒரு விழாவுக்குத் தேர்வானது. போவதற்கு முன் வாட்ஸப்பில் கேட்டாள்: 'பேரை எடுத்துடட்டுமா?' ஷண்முகப்ரியா பதில் எழுதினாள்: 'எடு. என் நம்பரையும் எடு.' பேரை அவள் எடுத்துவிட்டாள். கதறலையும் வயலினையும் எடுக்கவில்லை. படத்துக்குப் பரிசும் கிடைத்தது. பஸ் ஸ்டாப்பில் நேருக்கு நேர் பார்த்தால் இப்போதும் ஒருத்தி அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொள்கிறாள்.

பங்கஜம் தானாக வாய் திறந்தது கடையில் வைத்துத்தான். ஆடித் தள்ளுபடிக் கூட்டமெல்லாம் பெரிய கடைகளுக்குப் போய்விட, சந்து காற்றாடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். ஷண்முகப்ரியா துணித் தான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எதைப் பாத்துச் சிரிச்ச? காட்டு."

"வேண்டாம்மா."

"காட்டுன்னா காட்டு."

தேடி எடுத்துக் கொடுத்தாள். பங்கஜம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி பார்த்தாள். வாத்து வந்தது. வரிசையில் நின்றது. டோக்கன் வாங்கியது. ஃபோனுக்குள் ஜனங்கள் சிரித்தார்கள். பங்கஜத்தின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"இதுக்கா சிரிச்ச?"

"ஆமா."

"இதுல என்னட்டி இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

பங்கஜம் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பெண்மணி மாம்பழக் கலர்ப் புடவையோடு படியேறி வந்தார். இரண்டு பேரும் எழுந்து தான்களை இறக்கினார்கள். எது பொருந்தும் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு சின்னச் சண்டை வந்தது. அந்த வீட்டில் பேச்சு மறுபடி தொடங்கியது அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து அத்தை ஃபோன் செய்தாள். அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே பங்கஜம் ஸ்பீக்கரில் பேசினாள். பேச்சு சுற்றிச் சுற்றி தம்பியின் கடைசி நாளுக்கு வந்தது. "என்ன இருந்தாலும் பிள்ள பக்கத்துல இருந்தாளே, அந்த மட்டும் சந்தோசம்" என்றாள் அத்தை.

"இல்ல மதினி. நான் சொன்னது தப்பு. அவ வெளியதான் இருந்தா. அவரு பக்கத்துல யாருமே இல்ல."

அத்தை ஆரம்பித்தாள். அது எப்படி, படிச்ச பிள்ளை, பெத்த அப்பனை விட்டுட்டு...

பங்கஜம் கத்தியைக் கீழே வைத்தாள். "மதினி, அவளை ஏசணும்னா நான் ஏசிக்கிடுதேன். ஏசியும் ஆச்சு. நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்."

ஃபோனை அணைத்துவிட்டு, வாசற்படியில் நின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்தாள். "என்ன பாக்க? அந்த வெங்காயத்த உரி."