சொக்கம்மாள் சொல்லாமல் விட்ட வரி

சொக்கம்மாக்காவுக்குப் பெரிய குரல். நடவு வயலில் அவர் பாடினால் நான்கு வரப்பு தாண்டிக் கேட்கும். அதனால்தான் அந்தக் குரல் ஜெபத்தில் ஒரு வரிக்கு மட்டும் நின்றுபோனதை நான் கவனித்தேன்.

1976-ல் என் கணவர் ஞானதாஸ் திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சபைக்கு உபதேசியாராகப் போனார். இருபது குடும்பங்கள். மண்சுவர், பனையோலைக் கூரை. எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஆராதனை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. பெண்கள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து பாயில் உட்காருவார்கள். சீயக்காயும் பழைய ஓலையும் கலந்த அந்த வாசனையை இன்றைக்கும் எந்தக் கோயிலில் உட்கார்ந்தாலும் என் மூக்கு தேடுகிறது.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்வோம். பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வரும்போது அக்கா வாயை மூடிக்கொள்வார். அந்த வரி முடிந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வார். மூன்று வாரம் பார்த்துவிட்டு, கிணற்றடியில் கேட்டேன்.

"சொல்ல முடியலம்மா," என்றார். "கோவிந்தம்மாள நான் மன்னிக்கல. மன்னிச்சிட்டேன்னு ஆண்டவர்கிட்ட போயி எப்பிடிப் பொய் சொல்றது?"

கோவிந்தம்மாள் பக்கத்து வீட்டுக்காரி, நடவிலும் கூட்டாளி. அக்காவின் மகள் அம்முலுவைப் பார்க்கத் தாமலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று அவர்களிடம் சொல்லிவிட்டாள். அம்முலு சித்திரை வெயிலில் ஒருமுறை களத்தில் மயங்கி விழுந்தாள், அவ்வளவுதான். வந்தவர்கள் தாம்பூலம்கூட எடுக்காமல் போய்விட்டார்கள்.

அக்காவுக்குப் புத்தி சொல்லும்படி என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாமெல்லாம் யோசிக்காம சொல்லிட்டுப் போறோம். அவங்க ஒருத்தர்தான் யோசிக்கிறாங்க. விடு," என்றார். என் பெரிய நாத்தனாரோடு எனக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அடுத்த ஞாயிறு அந்த வரியில் எனக்கும் நாக்கு தடுக்கியது.

அக்கா மன்னிப்பதற்காக ஜெபிக்கவில்லை. அது தன்னால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்பாராம்: இன்றைக்கு அவளைப் பார்த்தால் கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது. சில நாள் வந்துவிடும். மறுநாள் மறுபடி கேட்பார். அது பழகியபின், அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்று கேட்டார். அப்படியே ஒரு வருஷம் ஓடியது.

அடுத்த நடவில் கோவிந்தம்மாள் முழங்கால் வீங்கி வரிசையில் பின்தங்கிவிட்டாள். அக்கா தன் வரிசையை முடித்துவிட்டுப் போய் அவள் வரிசையின் மீதியை நட ஆரம்பித்தார். இரண்டு பேரும் குனிந்தபடியே இருந்தார்கள்.

"எங்க அக்கா பொண்ண வலிப்ப மறைச்சுத்தான் கட்டிக் குடுத்தாங்க," என்றாள் கோவிந்தம்மாள். "அட்ச்சு தொரத்திட்டானுங்க. அம்முலுவுக்கும் அப்பிடி ஆயிடப் போவுதேன்னு பயந்துக்கினு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே," என்றார் அக்கா. அடுத்த நாற்றை ஊன்றினார்.

அன்று மத்தியானம் காலில் சேறு காயாமல் என் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். அன்று புதன்கிழமை.

"அம்மா, இப்பவே அந்த ஜெபத்த சொல்லிடலாம், வா."

"ஞாயித்துக்கிழமை சொல்லலாமே, அக்கா."

"அதுவரிக்கும் இந்த மனசு தாங்குமோ தாங்காதோ."

அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். அந்த வரியை அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஆற்றில் ஆழம் பார்த்துக் கால் வைப்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அன்று ராத்திரியே நாத்தனாருக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன்.

அவர் பயந்தது சரிதான். வெள்ளிக்கிழமை கோவிந்தம்மாளின் ஆடு அவர் வீட்டு அவரைப் பந்தலை மேய்ந்துவிட்டது. ஞாயிறு அந்த வரியில் மறுபடி மௌனம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. திங்கள் காலையிலிருந்து பழையபடி கேட்க ஆரம்பித்தார். நாங்கள் அங்கே இருந்த பத்து வருஷமும் அப்படித்தான் போனது. ஆனால் மௌனம் இருக்கும் ஞாயிறுகள் குறைந்துகொண்டே வந்தன. 1979-ல் அம்முலுவுக்குத் திருப்புட்குழியில் மாப்பிள்ளை அமைந்தான். கல்யாணத்துக்கு மசாலா அரைத்தவள் கோவிந்தம்மாள்.

1986-ல் எங்களுக்கு மாற்றல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, ஓலைக் கூரையை எடுத்துவிட்டு ஓட்டுக் கட்டடமாகக் கட்டிய கோயிலின் பிரதிஷ்டைக்கு அழைப்பு வந்தது. சொக்கம்மாக்காவைப் பார்க்கவே போனேன். பெண்கள் பக்கம் அவர் இல்லை. அம்முலுதான் இருந்தாள்.

"கோவிந்தம்மா அத்தைக்குக் கண்ணு ஆபரேஷன், அம்மா. அவங்களுக்கு யாரு கீறாங்க? எங்கம்மாதான் கூடப் போயி காஞ்சீவரத்துல கீது. எட்டு நாள் ஆவும் வர்றதுக்கு."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அம்முலு கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, உத்திரமேரூர் போய் நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.