கடலுக்கு நல்ல தண்ணீர் அனுப்பிய சுவக்கீன்

குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கும் செட்டுக்குச் சூப்பர்வைசர் சுவக்கீன். சம்பளம் அதற்குத்தான். ஆனால் அவர் உயிரைக் கொடுத்துப் பார்க்கும் வேலை வேறு. தோட்டத்துக்கு வெளியாள் யார் வந்தாலும், வந்தவர் வாயைப் பிளந்து மெச்சிவிட்டுப் போக வேண்டும். லேபர் ஆபீசர் வருகிறார் என்றால் முந்தின நாளே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கக்கூசுக்குச் சுண்ணாம்பு. வெளிநாட்டு வியாபாரிகள் ஏலக்காய் பார்க்க வந்தால் பிள்ளைகள் காலுக்கெல்லாம் புதுச் செருப்பு. கார் மலை இறங்கியதும் செருப்பெல்லாம் திரும்ப ஸ்டோருக்குள் போய்விடும். பிஷப் வந்தபோது குப்பைமேட்டைத் தார்ப்பாயால் மூடி, மேலே பூந்தொட்டிகளை அடுக்கினார். பிஷப் அதன் முன்னால் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார். "சுவக்கீனே, கொள்ளாமடா!" என்று மேனேஜர் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலுக்காக மனுஷன் நாலு நாள் குளிக்காமல் இருந்தாலும் இருப்பார்.

"வந்தவுக சந்தோசமாப் போனாத்தான் நமக்கு ஆகவேண்டியது தானா ஆகும்" என்பார். அவருக்கு இதுவரை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோபம்தான் வந்திருக்கும்.

லயத்துக்குக் கீழே ஓர் ஓடை. குளிப்பது, துவைப்பது, உலை வைப்பது எல்லாம் அதில்தான். மருந்தடித்து முடித்த ட்ரம்முகளைக் கழுவுவதும் அதே ஓடையில்தான், கொஞ்சம் மேலே தள்ளி. கழுவச் சொல்வது வேறு யார், நம் சூப்பர்வைசர்தான். அவருடைய மனைவி சந்தனமேரி களை வெட்டுகிறவள். இரண்டு கையிலும் விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடக்கும். மிளகாய் அரைக்கிற நாளில் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மியைப் பிடிப்பாள். லயத்தில் பாதிப் பெண்களுக்கு இதே கதி. மேனேஜர் பங்களாவுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறினால் ஓர் ஊற்று இருக்கிறது, கண்ணாடி மாதிரி தண்ணீர். அதற்குக் குழாய் பங்களாவரைக்கும்தான். அங்கிருந்து லயத்துக்கு ஒரு குழாய் இறக்கித் தரச்சொல்லி லயத்துப் பெண்கள், பஞ்சாயத்து மெம்பர் ஜிபியிடம் நடையாய் நடந்தார்கள்.

ஜிபி நல்ல மனிதர், அதாவது எதையும் இல்லை என்று சொல்லமாட்டார். "சேச்சி, தண்ணி மோசம்னு பெரிய ஆளுங்க யாராவது எழுதித் தரட்டே. பிறகு குழாய் என் பொறுப்பு" என்றார்.

எழுதித் தரக்கூடிய ஆளும் வந்து சேர்ந்தது. பெயர் சிவசங்கரி. கடல் ஆராய்ச்சி செய்கிற பெண். கடல் ஆராய்ச்சிக்காரிக்கு மலையில் என்ன வேலை என்று தோட்டமே திகைத்தது. ராமநாதபுரத்துக்கும் இலங்கைக்கும் நடுவில் கிடக்கிற சின்னக் கடலைப் பற்றி அவள் விளக்கினாள். சுற்றிலும் கரை, ஆழம் கம்மி, வெளியே போக இரண்டு பக்கமும் இடுக்கான வழிதான். உள்ளே போன அழுக்கு லேசில் வெளியேறாது. கடற்புல் கருகுகிறது, நண்டு குறைகிறது, தண்ணீர் சூடாகிறது. எந்தப் பக்கத்து அழுக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஓடை பெரியாற்று அணைக்குப் போகிறது, அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாகக் கம்பத்துக்கு இறங்கி வைகையில் கலக்கிறது, வைகை அந்தக் கடலில்.

"வைகை கடலுக்குப் போறத எங்க அப்பாவே பாத்ததில்ல மேடம்" என்றார் சுவக்கீன்.

"மழைக்காலத்துல போகும்ணே" என்றாள் அவள், கொஞ்சம் ரோஷமாக.

முதல் நாள் அவளே ஓடையில் இறங்கினாள். ஏறி வரும்போது இரண்டு காலிலும் அட்டை. பாவம், பெண் போட்ட சத்தத்தில் லயத்துக் கோழியெல்லாம் சிதறின. கடலில் திருக்கை மீனுக்கே பயப்படாதவளாம்! அதற்குப் பிறகு மலைப்பக்கம் அவள் எட்டிப்பார்க்கவே இல்லை. வாரா வாரம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, குமுளியிலிருந்து தன் லேப் இருக்கும் மதுரைக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுகிற வேலையைச் சுவக்கீனிடம் ஒப்படைத்தாள்.

"லயத்துக்குக் கீழ, ஓடையில எப்படி இருக்கோ அப்படியே பிடிச்சு அனுப்புங்கண்ணே."

"அது எனக்குத் தெரியாதா மேடம்!"

சந்தனமேரியும் தன் பங்குக்குச் சொன்னாள். "ட்ரம்மு கழுவுன அன்னைக்காப் பாத்துப் புடிச்சு அனுப்பும். அந்தப் பிள்ள எழுதுனாத்தான் குழாய் வரும். என் கையப் பாத்தீரா?"

பார்த்தார். "ம்" என்றார்.

முதல் வாரம் பாட்டிலோடு ஓடைக்கரையில் போய் நின்றார். தண்ணீர் பச்சைப்பால் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. மருந்து வாடை மூக்கில் ஏறியது. ஐயோ, இதையா? அத்தனை படித்தவர்கள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு, சுவக்கீன் கையால், இந்தக் கண்றாவியா போக வேண்டும்? நாலு பேர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து மூக்கைப் பொத்தினால் தோட்டத்து மானம் என்ன ஆவது? குழாய் விஷயம் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் வந்தவர்கள் மனசு குளிர்ந்தால் குழாய் தானாக வரும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. விறுவிறுவென்று பங்களாவுக்குப் பின்னால் மேடேறினார். ஊற்றில் பாட்டிலைக் கழுவி, பூசைக்குக் கட்டுகிற வேட்டியால் வடிகட்டி, கழுத்துவரை நிரப்பினார். ஆராய்ச்சிக்கென்றே ஆண்டவன் படைத்த தண்ணீர்!

வாரம் தவறவில்லை. அடைமழையிலும் ஏறினார். முட்டி வலித்தது, தைலம் தேய்த்துக்கொண்டு ஏறினார். மதுரையிலிருந்து போன் வரும். "உங்க சாம்பிள் மாதிரி யாருமே ஒழுங்கா அனுப்புறதில்லண்ணே!" சுவக்கீன் அதை ஸ்பீக்கரில் போட்டு லயம் முழுக்கக் கேட்க வைப்பார். மருந்துக்கடையே கரைந்து ஓடுகிற மலையிலிருந்து இவ்வளவு சுத்தமான தண்ணீர் எப்படி வருகிறது என்று அங்கே ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. மெஷின் சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன?

ஒன்றரை வருஷம் கழித்து, கோயில் ஹாலில் கூட்டம். மேனேஜர், ஜிபி, லயத்து ஜனம் எல்லாம் ஆஜர். சிவசங்கரி அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை உறை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். சுவக்கீனுக்கு முன்வரிசை நாற்காலி, தோளில் சால்வை. சந்தனமேரி கடைசியில், கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரையில் கடல் விரிந்தது. இறால் பண்ணை, ஊர்ச்சாக்கடை, இழுவை வலை, வெயில் என்று குற்றவாளிகள் வரிசையாக வந்தார்கள். கடைசியில் இந்த ஓடை. "மலையில இருந்து ஒரு சொட்டு விஷம்கூட வரல. எங்க ஆராய்ச்சியிலேயே சுத்தமான இடம் இதுதான்" என்றாள் சிவசங்கரி. மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். கரையில் வலை இழுக்கிறவன் தலையில் பழி முழுசாக விழுந்ததில் ஹாலில் யாருக்கும் வருத்தமில்லை.

அப்புறம் ஜிபி எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சந்தோஷம் கேட்டோ! இத்ர நல்ல தண்ணி இங்க இருக்கும்போது குழாய் எதுக்கு? அந்த ஃபண்டை அடுத்த வார்டுக்கு மாத்தியாச்சு."

சுவக்கீனுக்குத் தோளில் கிடந்த சால்வை கனத்தது. திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சந்தனமேரி மட்டும் அவரையே பார்த்தாள். ஆயுளில் முதல் தடவையாக, வெளியாள் முன்னால் தோட்டத்தைக் குறை சொல்ல எழுந்து நின்றார் மனுஷன்.

"மேடம், அது ஓடைத் தண்ணி இல்ல. நான் மேல ஊத்துல புடிச்சது. ஓடைத் தண்ணி நாறும் மேடம்."

ஹால் கொல்லென்று சிரித்தது. "சுவக்கீனுக்கு எப்பவும் தமாஷ்தான்" என்றார் மேனேஜர், கண்ணில் மட்டும் சிரிப்பில்லாமல். சிவசங்கரி சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்தது. கட்டுரை அச்சாகிவிட்டது, டாக்டர் பட்டத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"அண்ணன் அடக்கமாப் பேசுறாரு" என்றாள். "எல்லாரும் டீ சாப்பிடலாம்."

சுவக்கீன் டீ குடிக்கவில்லை. சால்வையை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவியின் பின்னாலேயே ஓடினார். லயத்து வாசலில் அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி மேரி, அவுக என்ன நெனப்பாகளோன்னுதான்…"

"நெசமாவே ஊத்துல இருந்தா?"

"ஆமா."

"வாரா வாரமுமா? மழையிலயுமா?"

"ஆமாட்டி."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

"அம்புட்டு மேடும் ஏறி எறங்கியிருக்கீரு. ஒருநா, ஒரே ஒருநா, எனக்கு ஒரு குடம் கொண்டாந்தீரா?"

உலை வைக்க நேரமாகிவிட்டது என்று அவள் ஓடைக்கு இறங்கினாள்.