ஆறு பெட்டிகளும் மூன்று கோட்டு பெயிண்டும்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு லாரியில் கிளீனராக ஏறியவன், இந்த மலை வளைவுகளிலேயே வண்டி ஓட்டப் பழகி, பிறகு சொந்தமாக லாரிகள் வாங்கினேன். அவற்றை மகனிடம் ஒப்படைத்த மறுநாளே கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. சில்வர் ஓக் பலகைகளை வாங்கிப் போட்டு நானாகவே மரவேலை பழகினேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை.

என் அடுக்குப் பெட்டிகளைப் பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். எல்லாம் ஒரே அளவு. ஒன்றின் அடிச்சட்டம் இன்னொன்றின் விளிம்புக்குள் கச்சிதமாக உட்காரும். எதைத் தூக்கி எதன்மேல் வைத்தாலும் அலமாரி ஆகிவிடும்.

எங்கள் மலை ஊர்த்தொகுதியான திண்ணனூர் நாட்டின் துணை சுகாதார நிலையத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு நர்சம்மா மாற்றலாகி வந்திருந்தார். மருந்துகளெல்லாம் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. மலை ஈரத்தில் அட்டை பூஞ்சை பிடித்து உதிர்ந்தது. பிளாஸ்டிக் அடுக்கு வாங்கப்போவதாகச் சொன்னார்.

"பிளாஸ்டிக்குங்களா? நான் ஒருத்தன் இருக்கறப்பவா? வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்க நர்சம்மா."

"வெள்ளிக்கிழமை பாத்துட்டுப் பிடிக்கலேன்னா ஆர்டர் போட்டுடுவேன் ஐயா."

புதன்கிழமைக்குள் ஆறு பெட்டிகளை முடித்தேன். பெயிண்ட் அடிப்பதுதான் பாக்கி. ஒரு கோட்டு அடித்தால் ஒரு நாள் காய விட வேண்டும், மூட்டமாக இருந்தால் இன்னொரு நாளும் விட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். அவருக்கு என் வேகம் தெரியாது. வியாழக்கிழமை ஒரே நாளில் மூன்று கோட்டு அடித்தேன். அன்று முழுக்க மூட்டம். அரை மணிக்கொரு தடவை எழுந்து போய் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"ஏனுங்க, அது என்ன அடுப்புல வெச்ச கொழம்பா, இத்தன தடவ பாக்கறீங்க? செத்த உக்காருங்க" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை காலையில் தொட்டேன். ஒட்டவில்லை. ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜீப்பில் ஏற்றிக் கயிறு கட்டினேன்.

சுகாதார நிலைய வாசலில் கயிற்றை அவிழ்த்ததும், "எந்தப் பெட்டிய வேணும்னாலும் எடுங்க நர்சம்மா, மாத்தி வெச்சுப் பாருங்க" என்று சொல்லி, நானே மேல்பெட்டியைத் தூக்கினேன். கீழே இருந்த ஐந்தும் சேர்ந்து எழுந்தன.

"ஐயா, இது ஆறு பெட்டியா, ஒரே பெட்டியா?"

மேலே ஆடை கட்டியிருந்ததே தவிர உள்ளே பெயிண்ட் பச்சையாகவே இருந்திருக்கிறது. ஜீப்பில் கிடந்த ஒரு தகட்டை இடுக்கில் விட்டு நெம்பிப் பிரித்தேன். விளிம்புகளில் பெயிண்ட் உரிந்து மரம் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னொரு கோட்டு அடித்துச் சாயங்காலமே கொண்டு வருகிறேன் என்றேன்.

"வேணாம். பெட்டிங்க இங்கேயே இருக்கட்டும். ஃபேனப் போட்டு வைக்கிறேன். திங்கக்கிழமை வரைக்கும் நீங்க இந்தப் பக்கமே வரக்கூடாது. அன்னைக்கும் ஒட்டுச்சுன்னா பிளாஸ்டிக்தான்."

பெட்டிகளை உள்ளே வைத்து அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

எழுபது வளைவுகளில் பாரவண்டி இறக்கியவன் நான். ஆனால் அந்த இரண்டு நாளைக் கடத்த முடியவில்லை. வேலையே இல்லாமல் சோளக்காடு கடைவீதிக்கு மூன்று தடவை ஜீப்பில் போய் வந்தேன். நன்றாக இருந்த கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். ராத்திரிச் சாப்பாட்டில் ருசி தெரியவில்லை.

திங்கட்கிழமை நர்சம்மா கதவைத் திறக்குமுன்பே அங்கே நின்றிருந்தேன். என்னைத் தொட விடவில்லை. அவரே அடுக்கினார், பிரித்தார், அடியில் இருந்ததை மேலே வைத்தார். ஒன்று மட்டும் இறுக்கமாக நின்றது. முழங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார், உட்கார்ந்துவிட்டது.

"நல்லா இருக்கு ஐயா. இதுவே போதும்."

"அந்த உரிஞ்ச எடத்துக்கு மட்டும் ஒரு கோட்டு..."

"பெயிண்ட் டப்பாவோட உள்ள வந்தீங்கன்னா ஊசி போட்டுடுவேன்" என்று மாத்திரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்.

பிரஷ்ஷை ஜீப்பிலேயே வைத்திருந்தேன். இப்போதும் அந்த வழியாகப் போனால் ஜன்னலை எட்டிப் பார்க்கிறேன். மருந்துகள் ஒழுங்காக இருக்கின்றன. என் கண் போவது அந்த உரிந்த விளிம்புகளுக்குத்தான்.