ஆமைக்கு வெயில்

என் மகளுக்கு அவளுடைய தாய்மாமன் புதுச்சேரியிலிருந்து ஒரு ஆமைக்குட்டி வாங்கி வந்தான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட, தண்ணீரில் வளர்கிற வகை. உள்ளங்கையில் பிஸ்கட் போல உட்கார்ந்திருந்தது. மகள் குதித்தாள். என் மனைவி தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்துதான் வாயைத் திறந்தாள்.

"இன்னாங்க இது? பக்கத்து வூட்டு அண்ணிக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். அவங்க மாடு வேற செனையா கீது."

வீட்டுக்குள் ஆமை வந்தால் கெடுதல் என்று எங்கள் பாகூர் பக்கம் சொல்வார்கள். பிள்ளைகளே, நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்களோடு ஒரே தெருவில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே, கரும்புக்கு வாங்கும் உரமூட்டைகளை அடுக்குகிற பின்பக்க அறையில், ஒரு பிளாஸ்டிக் டப்பில் அதை ஒளித்து வைத்தோம். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவது போல இதற்கும் பொரி போட்டோம். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவை ஒருக்களித்து உள்ளே போவாள். அவள் பேசுகிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க என் மனைவி டிவியைச் சத்தமாக வைப்பாள்.

மழைக்காலம் முடிவதற்குள் ஆமை தின்பதை நிறுத்திவிட்டது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. ஒருநாள் மகள் என் விரலைப் பிடித்து அதன் ஓட்டின் மேல் வைத்தாள். நனைந்த அட்டை போல அமுங்கியது.

"செத்துப் பூடுமாப்பா?"

அதைப் பையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாடு ஆடுன்னா ஊசி போட்டு அனுப்பிடுவேன்பா, இதுக்கு நான் எங்க போறது?" என்று சிரித்தார். பிறகு போனில் படம் பிடித்து, நகரத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பேசினார். பேசப் பேச அவர் முகத்தில் சிரிப்பு குறைந்தது.

"வெயிலே காட்டலியா? வெயில் இல்லாம ஓடு கெட்டிப்படாதாம். கண்ணாடி வழியா வர்ற வெயிலும் ஆவாது, நேரா மேல படணும். ஏறி உட்கார ஒரு கல்லு வையி. பொரிய வுடு, கீரையும் மீனும் குடு. இப்படியே வச்சிருந்தா போயிடும்."

"முடியலன்னா ஏரியில வுட்டுடட்டுமா சார்?"

"வேணாம். வெளிநாட்டு ஆமை அது. பொழச்சிச்சின்னா நம்ம ஏரியில இருக்கறத ஒண்ணு வுடாம தின்னும்."

வீட்டில் வெயில் நேராக விழுகிற இடம் மொட்டைமாடி ஒன்றுதான். அதற்கு நேரே பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை. மனைவி மகளின் முகத்தைப் பார்த்தாள். பின்பு அவளே டப்பைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

பாதி டப்புக்கு ஓலை போட்டு நிழல் செய்தோம், நடுவில் ஒரு செங்கல் வைத்தோம். காக்காய் கொத்தாமல் மகள் குச்சியோடு காவலிருந்தாள். அன்றைக்கே பக்கத்து வீட்டு அண்ணி கொட்டகையிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டார்.

"ஏய் பொண்ணு, அது இன்னாடி?"

"ஆமை அத்தை. ஒடம்பு சரியில்ல."

அண்ணி மாட்டை உள்ளே இழுத்துக் கட்டினார். மறுநாள் காலையில் கொட்டகைக் கம்பத்தில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. வழக்கமாகத் தெருவைப் பார்த்துத்தான் கட்டுவார்கள். இது நாக்கை நீட்டிக்கொண்டு எங்கள் மாடியைப் பார்த்தது.

ஆமை வெயிலில் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டின் ஓரம் இறுகியது. ஒரு கண் திறந்தது, மற்றது திறக்கவில்லை. அண்ணி படியேறி வந்து நின்றார்.

"ஒத்தக் கண்ணால எங்க கொட்டாயவே பாக்குதேம்மா. அந்தாண்ட திருப்பி வையி."

"அந்தாண்ட சொவரு நெழலு அண்ணி," என்றாள் என் மனைவி.

"அப்ப சரி. மாடு ஈனட்டும், பேசிக்கலாம்."

அதற்குப் பிறகு மாடு சாதாரணமாகக் கத்தினால்கூட எங்கள் வீட்டில் சோற்றில் வைத்த கை நின்றுவிடும்.

ஒரு மதியம் அது விடாமல் கத்தியது. தெருவே கொட்டகையில் கூடியது. நான் மாடிக்குப் போனேன். மகள் டப்பை இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "தூக்கிப் போட்டுடுவாங்களாப்பா?" என்றாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொழுது சாயும்போது சத்தம் அடங்கியது. அப்புறம்தான் கன்று தள்ளாடி எழுந்தது தெரிந்தது.

எங்கள் தெருவில் மாடு ஈன்றால் சீம்பால் எல்லா வீட்டுக்கும் வரும். என் மனைவி சொம்பைக் கழுவி வைத்திருந்தாள். எதிர்வீட்டுக்குப் போனது, கடைசி வீட்டுக்கும் போனது. எங்கள் வாசலைத் தாண்டும்போது அண்ணி நின்று, மாடியை ஒருமுறை பார்த்தார்.

"இந்த வாட்டி எங்க மாடு தப்பிச்சிச்சி," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மனைவி சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். மகள் கீரையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பொம்மையை அவர்கள் இன்னும் அவிழ்க்கவில்லை.