உதடு தெரிகிற அளவுக்கு

காய்ச்சலில் கிடந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய என் மனைவிக்கு இரண்டு காதும் கேட்காமல் போயிருந்தது. திருநெல்வேலியில் காட்டினோம். மெஷின் வைத்தால் சத்தம் வருவது தெரியும், பேச்சு புரிவது கஷ்டம் என்றார் டாக்டர். அவள் கொஞ்ச நாள் மாட்டிப் பார்த்தாள். “தகரத்தைத் தரையில போட்டு இழுக்க மாதிரி இருக்கு” என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள்.

அதன்பிறகு எங்கள் பேச்செல்லாம் எழுத்தாகிவிட்டது. சொல்ல வேண்டியதை செல்போனில் தட்டி அவளிடம் நீட்டுவேன். தட்டிக் காட்டுகிற அளவுக்கு முக்கியமானதை மட்டும்தான் பேசிக்கொண்டோம். கேலி, வம்பு, தெருக்கதை எல்லாம் நின்றுபோயின. வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அதையும் விட்டாள். “அவிய ஒண்ணு சொல்லுதாவ, நான் ஒண்ணு தைக்கேன். வேண்டாம்” என்றாள்.

எங்கள் இருவருக்கும் சினிமாப் பைத்தியம் உண்டு. பிடித்த படங்களை டிவிடியாக வாங்கி அடுக்கி வைத்திருந்தோம். ஆபீஸ் விட்டு வந்து ஏதாவது ஒன்றைப் போடுவேன். பக்கத்தில் வந்து உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விடுவாள். டிவிடியில் சப்டைட்டில் இருந்தது, ஆனால் இங்கிலீஷில். அவள் ஒரு வரியை எழுத்துக்கூட்டுவதற்குள் மூன்று வரி ஓடிவிடும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள்தான் போனில் யோசனை சொன்னாள்.

“யப்பா, அந்த டிவிடிய ரிப் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. வசனத்தத் தமிழ்ல டைப் பண்ணிச் சேர்த்துரலாம். அப்புறம் சைஸைக் குறைச்சு பென்டிரைவ்ல போட்டா நம்ம டிவில ஓடும்.”

அவள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் சும்மாதான் கிடந்தது. தேவையான சாஃப்ட்வேரை அவளே அங்கிருந்து ஏற்றிக் கொடுத்தாள். நாங்கள் பல தடவை பார்த்த ஒரு குடும்பப் படத்தை எடுத்துக்கொண்டேன். இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு வரி கேட்பது, நிறுத்துவது, டைப் செய்வது, அது திரையில் வரவேண்டிய நேரத்தைக் குறிப்பது. சாயங்காலம் சாயங்காலமாக இதே வேலை. ஆள் ஆளுக்குக் கத்தும் சண்டைக் காட்சியில் கண்ணைக் கட்டிவிடும்.

முடித்ததும் படத்தைச் சுருக்கப் போட்டேன். கம்ப்யூட்டர் மின்விசிறியின் இரைச்சல் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தையே அமுக்கிவிட்டது. காலையில் போட்டது மத்தியானம் தாண்டித்தான் முடிந்தது. பென்டிரைவில் நிறையப் படம் கொள்ளட்டும் என்று நான் ஆசையாக ரொம்பவே சுருக்கியிருந்தேன். டிவியில் போட்டால் எழுத்து பளிச்சென்று இருந்தது. முகங்கள்தான் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன.

“வாயே தெரியலயே” என்றாள்.

எழுத்து தெரிகிறதல்லவா, வாய் எதற்கு என்று நினைத்தேன். இருந்தாலும் சைஸைக் கூட்டி மறுபடி சுருக்கினேன். இந்தத் தடவை முகம் தெளிவாக இருந்தது. அன்றைக்கு அவள் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. கால்வாசிப் படம் ஓடியிருக்கும், ரிமோட்டை வாங்கி நிறுத்தினாள்.

“எழுத்து பிந்தி வருது. அவ பேசி முடிச்சு வாய மூடுதா, அதுக்குப் பொறவு வருது.”

உண்மைதான். நேரம் குறித்ததில் கொஞ்சம் தவறியிருந்தது. இன்னும் சிறிது தூரம் போனதும் மறுபடி நிறுத்தினாள்.

“இங்கன தப்பா அடிச்சிருக்கீங்க. அவன் ‘போறேன்’னு சொல்லல. ‘வாரேன்’ங்கான்.”

அந்த வசனம் அவளுக்கு நினைவிருக்கிறது போல என்று எண்ணி, செல்போனில் ‘ஞாபகமா?’ என்று தட்டிக் காட்டினேன்.

“ஞாபகம் இல்ல. ‘போ’ன்னா ரெண்டு உதடும் ஒட்டும்லா? ஒட்டவே இல்லயே.”

இயர்போனை மாட்டிக் கேட்டேன். அவன் ‘வாரேன்’ என்றுதான் சொல்லியிருந்தான். இரண்டு மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன். பிறகு செல்போனைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, “காப்பி குடிக்கியா?” என்றேன்.

என் வாயையே பார்த்தாள். “என்ன? தோப்புக்கா போறீங்க?”

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. “முதல்ல அந்த மீசைய வெட்டுங்க. பாதி உதடு அதுக்குள்ளல்லா கெடக்கு” என்றாள். கல்யாணத்துக்கு முன்பிருந்து வைத்திருந்த மீசை. மறுநாள் கடைக்குப் போய் நன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தேன்.

அதிலிருந்து கம்ப்யூட்டர் அவளுடையதாகிவிட்டது. ஒரு காட்சியை மெதுவாக ஓடவிடுவாள். எழுத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு உதட்டை மட்டும் பார்த்துச் சொல்லிப் பழகுவாள், தாளை எடுத்துச் சரி பார்ப்பாள். ‘ப’வும் ‘ம’வும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று சலித்துக்கொள்வாள். தாடிக்கார நடிகர்கள்மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவள் எழுந்த நேரம் பார்த்து நான் அடுத்த படத்துக்கு வசனம் அடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கோட்டை விட்டுவிடுவாள். புது ஆளுடைய பேச்சில் பாதி ஊகம்தான். ஆனாலும் ஆடித்தபசுத் திருவிழா நெருங்கியபோது பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு பழைய வாடிக்கைக்காரப் பெண் துணியோடு வந்தாள். என்னிடம் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தவளை என் மனைவி உள்ளே கூப்பிட்டாள். “எனக்குக் காது கேக்காதுட்டி. என் மூஞ்சியப் பாத்து நிதானமாச் சொல்லு, வெளங்கும்.” அந்தப் பெண் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். “கத்தாத, வாய் கோணிப்போவுது” என்று சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்தாள் இவள். ஜாக்கெட் அளவாகவே அமைந்தது.

சென்ற மாதம் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போகப் புளியங்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலோரம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார்கள். எஞ்சின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவள் என் தொடையில் தட்டினாள்.

“ஒங்க அக்கா வீட்டுக்கு இனி நான் வரமாட்டேங்கா அவ. சரி, நீ வராண்டாம், நான் மட்டும் போறேங்கான் அவன்.”

“பொறவு?” என்றேன், அவள் முகத்தைப் பார்த்து.

“பொறுங்க, அவ வாயத் தொறக்கட்டும்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.